பாஸ்வேர்டு சரிதான், ஃபைல் ஏன் திறக்கவில்லை? – சர்டிஃபிகேட், பிரைவேட் கீ: வாசகர் கேள்வி-பதில்

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டிருக்கிறோம். கணினியில் ஆங்கில எழுத்தில், இடைவெளி மாறாமல் தட்டுங்கள்.)

எங்கள் ஜவுளிக்கடை வெப்சைட் விண்டோஸ் சர்வரில் ஓடுகிறது. எஸ்எஸ்எல் சர்டிஃபிகேட் (சைட் உண்மையானது என்று பிரவுசருக்குக் காட்டும் சான்று) முடிந்துவிட்டதால் புதிதாக வாங்கினோம். மெயிலில் ஒரு ஜிப் வந்தது. உள்ளே .சிஆர்டி ஃபைல் ஒன்று, பண்டில் என்று இன்னொன்று. சர்வர் .பிஎஃப்எக்ஸ் கேட்கிறது. விற்றவரைக் கேட்டால் "அது எங்களிடம் கிடையாது" என்கிறார். ஆடித் தள்ளுபடிக்கு முன்னால் சரிசெய்தாக வேண்டும்.
– கணக்காளர், எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை

விற்றவர் சொன்னது உண்மை. அவரிடம் அது இருக்கவும் கூடாது. பிஎஃப்எக்ஸ் என்பது அடுக்கு கேரியர் மாதிரி: உங்கள் சர்டிஃபிகேட், அதற்கு மேலே இருக்கும் இடைநிலை சர்டிஃபிகேட்டுகள், உங்கள் பிரைவேட் கீ (சர்டிஃபிகேட்டுக்கு ஜோடியான ரகசியச் சாவி), மூன்றும் ஒரே ஃபைலில், பாஸ்வேர்டு போட்டு மூடி வைத்திருக்கும். முதல் இரண்டும் (.சிஆர்டி, பண்டில்) உங்களுக்கு மெயிலில் வந்துவிட்டன. மூன்றாவது உங்கள் பக்கத்தில்தான் எங்கேயோ இருக்கிறது. அதைத் தேடுவதுதான் முதல் வேலை.

சர்டிஃபிகேட் வாங்கும்போது சிஎஸ்ஆர் என்று ஒரு விண்ணப்ப ஃபைல் கொடுத்திருப்பீர்கள். அதை எந்தக் கணினியில் உருவாக்கினார்களோ அந்தக் கணினியில்தான் கீயும் பிறந்திருக்கும். அந்த விண்டோஸ் சர்வரில் வெப்சைட்டை நடத்தும் ஐஐஎஸ் மென்பொருளிலேயே உருவாக்கியிருந்தால் உங்களுக்கு பிஎஃப்எக்ஸே தேவையில்லை. கீ ஏற்கெனவே சர்வருக்குள் இருக்கிறது. ஐஐஎஸ்ஸில் "கம்ப்ளீட் சர்டிஃபிகேட் ரிக்வெஸ்ட்" என்பதைத் திறந்து, வந்த ஃபைலைக் காட்டினால் இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

வெப்சைட் செய்து கொடுத்த பையன் தன் லேப்டாப்பில் உருவாக்கியிருந்தால், அவரிடம் .கீ ஃபைலைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். பென்டிரைவை எடுத்துக்கொண்டு நேரில் போய் வாங்குங்கள். கிடைத்ததும் அது இந்தச் சர்டிஃபிகேட்டின் ஜோடிதானா என்று பார்க்க வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருளில் இரண்டு கட்டளைகள் போதும்:

ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன் கடை.சிஆர்டி -நோஅவுட் -பப்கீ
ஓப்பன்எஸ்எஸ்எல் பிகீ -இன் கடை.கீ -பப்அவுட்

இரண்டும் திரையில் ஒரு பப்ளிக் கீயை (பிரைவேட் கீக்கு ஜோடியான, எல்லோரும் பார்க்கக்கூடிய சாவி) காட்டும். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால் ஜோடி சரி. ஒரு எழுத்து மாறினாலும் அது போன வருடத்துக் கீ, அல்லது வேறு சைட்டின் கீ. அதை வைத்து எவ்வளவு முயன்றாலும் நடக்காது. ஜோடி பொருந்தியதும்:

ஓப்பன்எஸ்எஸ்எல் பிகேசிஎஸ்12 -எக்ஸ்போர்ட் -இன்கீ கடை.கீ -இன் கடை.சிஆர்டி -சர்ட்ஃபைல் பண்டில்.சிஆர்டி -அவுட் கடை.பிஎஃப்எக்ஸ்

பாஸ்வேர்டு கேட்கும், கொடுங்கள். அந்த பண்டிலை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டாலும் உங்கள் கடைக் கம்ப்யூட்டரில் சைட் நன்றாகத் திறக்கலாம். வாடிக்கையாளரின் போனில் மட்டும் எச்சரிக்கை வரும். கம்ப்யூட்டர் பிரவுசர்கள் பல, விட்டுப்போன இடைநிலை சர்டிஃபிகேட்டைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். எல்லா போனும் ஆப்பும் அப்படிச் செய்வதில்லை. "எங்களுக்கு வருது, கஸ்டமருக்கு வரலை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இந்த பண்டிலைத்தான்.

இனி சர்வரில் பிஎஃப்எக்ஸை இரட்டைச் சொடுக்குப் போடுங்கள். முதல் திரையிலேயே "கரன்ட் யூசர்", "லோக்கல் மெஷின்" என்று இரண்டு இருக்கும். தானாகத் தேர்வாகி இருப்பது கரன்ட் யூசர். அப்படியே "நெக்ஸ்ட்" அழுத்தினால் இம்போர்ட் வெற்றி என்று காட்டும், ஐஐஎஸ்ஸில் மட்டும் சர்டிஃபிகேட் தெரியாது. லோக்கல் மெஷினைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் கீயை எக்ஸ்போர்ட் செய்யலாமா என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்ய வேண்டாம். எந்த ஸ்டோர் என்று கேட்டால் தானாகத் தேர்ந்தெடுக்க விடுங்கள். முடிந்ததும் சர்ட்எல்எம்.எம்எஸ்சி திறந்து, பெர்சனல் பகுதியில் உங்கள் சர்டிஃபிகேட்டின் படத்தில் ஒரு குட்டிச் சாவி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் ஐஐஎஸ்ஸின் பைண்டிங்கில் (எந்த சைட்டுக்கு எந்த சர்டிஃபிகேட் என்று சொல்லும் இடம்) 443 போர்ட்டுக்கு அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான் பாக்கி.

லேப்டாப் ஃபார்மேட் ஆகிவிட்டது, கீ போய்விட்டது என்றால்? உலகத்தில் யாராலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. புதிய கீ, புதிய சிஎஸ்ஆர் போட்டு அதே சர்டிஃபிகேட்டை ரீஇஷ்யூ கேளுங்கள். காலம் முடியாதவரை பெரும்பாலான நிறுவனங்கள் இதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை.

.சிஇஆர், .சிஆர்டி, .பெம் எல்லாம் ஒன்றுதானா? பெயரை மாற்றினால் போதுமா?
– மீன் ஏற்றுமதி அலுவலக ஊழியர், காசிமேடு

சில நேரம் போதும், சில நேரம் போதாது. ஃபைலின் வாலில் இருக்கும் பெயரை நம்பாமல் நோட்பேடில் திறந்து பாருங்கள். ஐந்து சின்னக் கோடு, "பிகின் சர்டிஃபிகேட்", மறுபடி ஐந்து கோடு என்று தொடங்கினால் அது பெம், அதாவது எழுத்து வடிவம். வால் எதுவாக இருந்தாலும் பெம்தான். அதை .சிஆர்டி என்று மாற்றினாலும் .சிஇஆர் என்று மாற்றினாலும் உள்ளே எதுவும் மாறாது. அடுத்த வரி அநேகமாக எம், ஐ, ஐ என்ற மூன்று பெரிய எழுத்துகளில் தொடங்கும். திறந்ததும் வெறும் குப்பை எழுத்தாகத் தெரிந்தால் அது டெர், அதாவது பைனரி வடிவம். அதை மாற்றத்தான் கட்டளை வேண்டும்: ஓப்பன்எஸ்எஸ்எல் எக்ஸ்509 -இன்ஃபார்ம் டெர் -இன் பழைய.சிஇஆர் -அவுட் புதிய.பெம்.

எல், எஸ், பூஜ்யம், சின்ன டி என்று தொடங்கினால் யாரோ பெம் ஃபைலை இன்னொரு முறை பேஸ்64 (எதையும் எழுத்துகளாக மாற்றும் முறை) ஆக்கியிருக்கிறார்கள். ஒருமுறை பிரித்தால் உள்ளே பழைய "பிகின்" வரி கிடைக்கும். .பி7பி என்று வந்தால் அதில் சர்டிஃபிகேட்டுகள் மட்டும்தான் இருக்கும். அதிலிருந்து கீ எடுக்க முயன்று நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

காப்பி பேஸ்ட் செய்யும்போது அந்த ஐந்து கோட்டில் ஒன்று விடுபட்டாலும் "நோ ஸ்டார்ட் லைன்" என்று பிழை வரும். கோடுகளை எண்ணிப் பாருங்கள்.

சார், நாங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம். முதலாளியின் டிஎஸ்சி (டிஜிட்டல் கையெழுத்துச் சான்று) யுஎஸ்பி டோக்கனில் இருக்கிறது. ஃபைலிங் செய்ய மூன்று சீட்டில் ஆள் இருக்கிறோம், டோக்கன் ஒன்றுதான். அதை பிஎஃப்எக்ஸாக எடுத்து மூன்று கணினியிலும் போட்டுவிட வழி உண்டா?
– தம்புச்செட்டித் தெரு, மண்ணடி

வழி இல்லை. இருக்கக் கூடாது என்றே அந்த டோக்கனைச் செய்திருக்கிறார்கள். கீ அந்தச் சில்லுக்குள்ளேயே உருவாகிறது, அங்கேயே இருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய விவரம் டோக்கனுக்கு உள்ளே போய், கையெழுத்தாக வெளியே வருகிறது. கீ வெளியே வருவதே இல்லை. விண்டோஸில் எக்ஸ்போர்ட் அழுத்திப் பார்த்தால் "யெஸ், எக்ஸ்போர்ட் த பிரைவேட் கீ" என்ற வரி மங்கிப்போய்க் கிடக்கும். .சிஇஆர் மட்டும் எடுக்கலாம். போர்ட்டலில் பதிவு செய்யக் கேட்டால் அதைத் தாராளமாகக் கொடுங்கள், அது எல்லோரும் பார்க்கக்கூடியது.

ராஜாஜி சாலையில் கஸ்டம் ஹவுஸ் வேலை எந்த வேகத்தில் நடக்கும் என்று எனக்குத் தெரியும். கப்பல் வந்து நிற்கும், பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்கப் படிவம்) போட வேண்டும், டோக்கன் பக்கத்து சீட்டில் இருக்கும். அந்த அவசரம் நியாயமானது. ஆனால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42-ஆம் பிரிவு, பிரைவேட் கீயைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் பொறுப்பை டிஎஸ்சி யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல்தான் வைக்கிறது. கீ கைமாறிவிட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் சான்றளிக்கும் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. மூன்று பேருக்கும் பின் நம்பர் தெரிந்த டோக்கனில் போட்ட கையெழுத்தும் முதலாளியின் கையெழுத்துதான். நாளைக்கு ஒரு பில்லில் மதிப்பு தவறாகப் போனால் பதில் சொல்லப்போகிறவர் அவர். கையெழுத்துப் போடும் உரிமை உள்ள இன்னொருவர் அலுவலகத்தில் இருந்தால் அவர் பெயரிலேயே தனி டிஎஸ்சி வாங்கி, தனியாகப் பதிவு செய்யுங்கள். தயாரிக்கும் வேலையை மூவரும் செய்யலாம், கையெழுத்தை உரியவர் போடட்டும். முதலாளியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

லினக்ஸில் பிஎஃப்எக்ஸ் உருவாக்கினேன். பாஸ்வேர்டு நூறு சதவீதம் சரி. அதே கணினியில் திறக்கிறது. எங்கள் பழைய விண்டோஸ் சர்வர் 2012-இல் மட்டும் "பாஸ்வேர்டு தவறு" என்கிறது. 1234 என்று வைத்துப் பார்த்தும் அதே கதை.
– சிஸ்டம் அட்மின், திருவொற்றியூர்

உங்கள் பாஸ்வேர்டில் தவறில்லை. சர்வருக்கு அந்தப் பூட்டின் வகையே தெரியவில்லை, அதை "பாஸ்வேர்டு தவறு" என்று சொல்கிறது. இந்த ஒரு செய்தியால் எத்தனை பேருடைய இரவு வீணாகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

2021 செப்டம்பரில் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 வந்தது. அதுவரை பிஎஃப்எக்ஸ் செய்யும்போது உள்ளே இருக்கும் சர்டிஃபிகேட்டுகளை ஆர்சி2 என்ற பழைய முறையில், 40 பிட்டில் பூட்டுவார்கள். கீயை டிரிபிள் டெஸ் என்ற இன்னொரு பழைய முறையில் பூட்டுவார்கள். அந்த 40 பிட் என்பது 1990-களில் அமெரிக்கா வலுவான குறியாக்கத்தை வெளிநாட்டுக்கு விற்கத் தடை வைத்திருந்த காலத்தின் மிச்சம். 3.0-இல் இதை ஓரங்கட்டி ஏஇஎஸ் 256 என்ற வலுவான முறையை வழக்கமாக்கினார்கள். நல்ல மாற்றம். ஆனால் விண்டோஸ் சர்வர் 2016-க்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் இந்தப் புதிய பூட்டு புரியாது. 2019 முதல் புரியும்.

எக்ஸ்போர்ட் கட்டளையில் -லெகசி என்ற ஒரு சொல்லைச் சேருங்கள், பழைய முறையில் செய்து கொடுக்கும். சர்டிஃபிகேட் எப்படியும் பொதுச் சொத்து என்பதால் அதற்கு 40 பிட் பூட்டு போட்டதில் நஷ்டமில்லை. கீக்கு டிரிபிள் டெஸ் கிடைக்கிறது, ஆனாலும் பாஸ்வேர்டிலிருந்து பூட்டை உருவாக்கும் முறை பழையது. அதனால் 1234 வேண்டாம், இருபது எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். சர்வரில் இம்போர்ட் முடிந்த கையோடு அந்த ஃபைலை அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

இதன் மறுபக்கமும் உங்களுக்கு ஒருநாள் வரும். பழைய விண்டோஸில் எடுத்த பிஎஃப்எக்ஸை உபுண்டு 22.04-இல் திறக்கப் பார்த்தால் "அன்சப்போர்டட்", "ஆர்சி2-40" என்று பிழை காட்டும். அங்கேயும் அதே -லெகசிதான். திறந்து பெம்மாக எடுத்த பிறகு புதிய முறையில் மறுபடி பூட்டிவையுங்கள். அப்புறம், 2012 சர்வருக்கு மைக்ரோசாஃப்டின் நீட்டிக்கப்பட்ட (எக்ஸ்டென்டட்) ஆதரவும் 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. நிர்வாகத்திடம் புதிய சர்வர் கேட்கும்போது இதையும் எழுதிக் கொடுங்கள்.

இன்டர்நெட்டில் இலவசமாக ஃபைல் மாற்றித் தரும் சைட்டில் கீயையும் சர்டிஃபிகேட்டையும் ஏற்றி பிஎஃப்எக்ஸ் எடுத்தேன். நன்றாக வேலை செய்கிறது. இப்போது நண்பர் பயமுறுத்துகிறார். பயப்பட வேண்டுமா?
– வாசகி, இராயபுரம்

நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அந்த சைட் நல்லதாகவே இருக்கலாம். ஆனால் ஏற்றிய கீ அங்கே அழிந்ததா, எங்கேயாவது பதிவாகி நிற்கிறதா என்று உங்களால் ஒருநாளும் சரிபார்க்க முடியாது. பிரைவேட் கீ விஷயத்தில் சரிபார்க்க முடியாததைக் கசிந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். அது யாரிடமாவது இருந்தால், உங்கள் சைட்டின் பெயரில் பூட்டுப் படத்தோடு ஒரு போலிப் பக்கத்தை நடத்த அவரால் முடியும்.

செய்ய வேண்டியது இதுதான். புதிய கீ உருவாக்குங்கள். பழைய கீயையே வைத்து ரீஇஷ்யூ வாங்கினால் ஒரு பயனும் இல்லை. புதிய சிஎஸ்ஆர் கொடுத்து, புதிய சர்டிஃபிகேட் வாங்கி, சர்வரில் மாட்டுங்கள். பிறகு பழையதை ரிவோக் செய்யச் சொல்லுங்கள். காரணம் கேட்டால் "கீ காம்ப்ரமைஸ்" என்று தயங்காமல் எழுதுங்கள். அந்தக் காரணம் உறுதியானால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய வேண்டும் என்பது சர்டிஃபிகேட் நிறுவனங்களுக்கான விதி. இன்றைய சர்வர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி ரகசியம் உருவாவதால், இதுவரை வாடிக்கையாளர்கள் அனுப்பியதைப் பழைய கீயை வைத்துப் பின்னோக்கிப் படிப்பது அநேகமாக முடியாது. அந்த ஒரு ஆறுதல் உண்டு.

சைட்டில் செய்த அதே வேலையை உங்கள் கணினியிலேயே ஒரு வரியில் செய்யலாம். முதல் பதிலில் இருக்கும் எக்ஸ்போர்ட் கட்டளைதான் அது.

புராஜெக்டுக்கு டாம்கேட் (ஜாவா வெப் சர்வர்) ஓட்டுகிறேன். ஜாவாவின் கீடூலில் இம்போர்ட்சர்ட் கொடுத்து சர்டிஃபிகேட்டை ஏற்றினேன், "ஆட் ஆகிவிட்டது" என்றது. ஆனால் எச்டிடிபிஎஸ் வரவில்லை.
– கல்லூரி மாணவர், வியாசர்பாடி

கீடூல் -லிஸ்ட் என்று தட்டிப் பாருங்கள் தம்பி. "டிரஸ்டட்சர்ட்என்ட்ரி" என்று காட்டும். அப்படியென்றால் "இவரை நம்புகிறேன்" என்று ஒருவருடைய சர்டிஃபிகேட்டை வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். சர்வர் ஓட "பிரைவேட்கீஎன்ட்ரி" என்று வர வேண்டும். கீடூலுக்குத் தனியாக இருக்கும் பெம் கீயை நேரடியாக உள்ளே எடுக்கத் தெரியாது. அதனால் முதலில் மேலே சொன்ன எக்ஸ்போர்ட் கட்டளையில் .பி12 ஃபைல் செய்யுங்கள் (.பிஎஃப்எக்ஸும் அதுவும் ஒன்றுதான்). கூடவே -நேம் டாம்கேட் என்று ஒரு பெயர் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஜாவா அதற்கு 1 என்று பெயர் வைத்துக்கொள்ளும், பிறகு ஏலியாஸ் (அந்தப் பெயர்) கிடைக்கவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பழைய பாடக்குறிப்புகளில் அடுத்து இம்போர்ட்கீஸ்டோர் போட்டு ஜேகேஎஸ் என்ற ஜாவாவின் பழைய வடிவமாக்கச் சொல்வார்கள். 2017-இல் வந்த ஜாவா 9 முதல் பிகேசிஎஸ்12, அதாவது .பி12 தான் இயல்பான வடிவம். .பி12 ஃபைலை அப்படியே டாம்கேட்டுக்குக் காட்டலாம். டாம்கேட் 8.5-க்கு மேல் என்றால் பெம் ஃபைல்களையே நேராகக் கொடுக்கலாம், மாற்றும் வேலையே கிடையாது. முடிந்தவரை அப்படியே செய்யுங்கள். இன்னொன்று, பாஸ்வேர்டை "சேஞ்ச்இட்" என்று விட்டுவைக்காதீர்கள். அது உலகத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு. இப்படியே புராஜெக்டை கிட்ஹப்பில் ஏற்றுகிறவர்கள் நிறைய. ஏற்றும் முன் .பி12, .கீ இரண்டையும் கிட்இக்னோரில் (ஏற்றக்கூடாத ஃபைல்களின் பட்டியல்) சேர்த்துவிடுங்கள்.

எங்கள் சிசிடிவி ரெக்கார்டர் "பிகின் ஆர்எஸ்ஏ பிரைவேட் கீ" என்று தொடங்கும் கீயை மட்டும் ஏற்கிறது. என்னிடம் இருப்பது வெறும் "பிகின் பிரைவேட் கீ".
– தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவு, மணலி

உள்ளே இருப்பது ஆர்எஸ்ஏ கீயாக இருந்தால் ஒரு வரி வேலை: ஓப்பன்எஸ்எஸ்எல் ஆர்எஸ்ஏ -இன் புதிய.கீ -டிரெடிஷனல் -அவுட் பழைய.கீ. "நாட் ஆன் ஆர்எஸ்ஏ கீ" என்று வந்தால் அது எலிப்டிக் கர்வ் கீ, அதை ஆர்எஸ்ஏ ஆக்க முடியாது. 2048 பிட் ஆர்எஸ்ஏ கீயைப் புதிதாக உருவாக்கி அதற்கு சர்டிஃபிகேட் வாங்க வேண்டும்.

சர்டிஃபிகேட் ஆயுள் குறைந்துகொண்டே போகிறது என்கிறார்களே, மாதாமாதம் இந்த மாற்றும் வேலையைச் செய்ய வேண்டுமா?
– அச்சக உரிமையாளர், பெரம்பூர்

கையால் செய்தால் ஏறக்குறைய அப்படித்தான் ஆகும். 398 நாளாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். பிரவுசர் நிறுவனங்களும் சர்டிஃபிகேட் நிறுவனங்களும் 2025-இல் வாக்கெடுத்து முடிவு செய்தது இது. கசிந்த கீ ஒன்று வருடம் முழுக்க உயிரோடு திரிவதைவிட இது நல்லது என்பது என் கருத்து. ஆனால் கடைக்காரர் ஒருவர் வருடத்தில் பல முறை பிஎஃப்எக்ஸ் செய்துகொண்டு உட்கார முடியாது.

லினக்ஸ் சர்வர் என்றால் சர்ட்பாட், விண்டோஸ் என்றால் வின்-ஆக்மி. இரண்டும் இலவசம். லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவச சர்டிஃபிகேட் நிறுவனத்திலிருந்து தானே வாங்கி, தானே புதுப்பிக்கும். வின்-ஆக்மி ஐஐஎஸ்ஸில் தானே மாட்டியும் விடும். சர்ட்பாட் பெம்மாகத்தான் கொடுக்கும். ஃபுல்செயின், பிரைவ்கீ என்ற இரண்டு ஃபைலும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வருக்கு அப்படியே போதும். பிஎஃப்எக்ஸ் கேட்கும் மென்பொருள் ஏதாவது இருந்தால், அந்த எக்ஸ்போர்ட் வரியை ஒரு சின்ன ஸ்கிரிப்டாக எழுதி, சர்ட்பாட்டின் ரினியூவல்-ஹுக்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் டிப்ளாய் ஃபோல்டரில் போட்டு, இயங்கும் அனுமதி கொடுங்கள். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் அது தானாக ஓடும். உருவாகும் ஃபைலுக்கு அனுமதி 600 (உரிமையாளர் மட்டும் படிக்கலாம், எழுதலாம்) என்று ஸ்கிரிப்டிலேயே வைத்து, கடைசி வரியில் மென்பொருளை ரீஸ்டார்ட் செய்யும் கட்டளையையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாவிட்டால் ஃபைல் புதிதாக இருக்கும், மென்பொருள் பழையதையே நினைவில் வைத்துக்கொண்டு ஓடும்.